பலூன் கடைக்காரர்களுக்கு: துப்பாக்கிக்குள் விடும் எண்ணெய் பற்றி ஒரு மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

மெரினா மணலிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் தீவுத்திடல் பொருட்காட்சியிலும் ஊர்த் திருவிழாக்களிலும் பலகை நிறுத்தி, வரிசையாகப் பலூன் கட்டி, மேசைமேல் நாலு துப்பாக்கியைச் சாய்த்து வைத்துப் பிழைப்பு நடத்தும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

என்னை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பத்துக் குண்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, நாலைந்தைச் சுட்டதும் பலூனை மறந்து பேரல் மூட்டை ஆட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆள் நான். லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். பழைய ஏர் கன்னைப் பிரித்துப் பூட்டுவது எனக்கு இருபது வருடப் பைத்தியம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. எட்டு வயது இருக்கும் ஒரு பையன், அப்பா பின்னால் நின்று தாங்கிக்கொள்ள, விசையை இழுத்தான். ‘டப்’ என்று வர வேண்டிய சத்தம் ‘டமார்’ என்று வந்தது. பேரல் வாயில் நீலப் புகை. மண்ணெண்ணெய் கருகிய வாடை. பக்கத்தில் சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரருக்கு ஏக சந்தோஷம். “செம பவர் சார் இந்த கன்னு. காலையிலதான் ஆயில் விட்டேன்” என்றார். பையன் துப்பாக்கியை மேசையில் போட்டுவிட்டுக் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அண்ணன்மேல் எனக்குக் கோபமில்லை. என் முதல் துப்பாக்கிக்கு நானும் அதையேதான் செய்தேன். வீட்டில் இருந்த தையல் மிஷின் எண்ணெயைப் பேரல் பின்னால் தெரிந்த துளையில் தாராளமாக விட்டேன். நாலு நாள் வெடி வெடியென்று வெடித்தது. தெருப் பிள்ளைகள் கூடி நின்று பார்த்தார்கள். ஐந்தாம் நாள் உள்ளே ‘கடக்’ என்று ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தால் ஸ்பிரிங் மூன்று துண்டு. பிஸ்டன் முகப்பிலிருந்த வாஷர் அப்பளம்போலக் கருகியிருந்தது. துப்பாக்கி உழைத்துத் தேய்ந்து சாகவில்லை. நான் ஊற்றிய எண்ணெய்தான் அதைக் கொன்றது. பிறகு பழுது பார்க்க என்னிடம் வந்தவற்றிலும் பாதிக்கு மேல் இதே கதைதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தத் தப்பு நடக்காது. சைக்கிளுக்குக் காற்றடித்திருப்பீர்கள். இருபது முப்பது அடி வேகமாக அடித்துவிட்டுப் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும். உங்கள் துப்பாக்கியும் ஒரு பம்புதான். பேரலை மடக்கும்போது பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங்கைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து வந்து, முன்னால் இருக்கும் காற்றைக் கண் இமைப்பதற்குள் ஒரு சிறு துளைக்குள் நெருக்குகிறது. பம்பில் நிமிடக்கணக்கில் நடப்பது இங்கே நூறில் ஒரு பங்கு விநாடியில் முடிந்துவிடுகிறது. சூடு வெளியே போக நேரமே இல்லை. அந்த நொடியில் காற்று பல நூறு டிகிரிக்கு ஏறுகிறது.

அங்கே தாது எண்ணெய் ஆவி இருந்தால் தீப்பொறி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். லாரியின் டீசல் என்ஜின் ஓடுவதும் இப்படித்தான். அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதனால்தான் ஏர் கன் உலகத்தில் இதற்கு ‘டீசலிங்’ என்று பேர். 1968-இல் அமெரிக்காவின் டெய்ஸி நிறுவனம் இந்தச் சூட்டை நம்பியே வி/எல் என்று ஒரு துப்பாக்கியை விற்றது. குண்டின் பின்புறம் வெடிமருந்தை ஒட்டியிருப்பார்கள். ஸ்பிரிங் பிஸ்டன் நெருக்கிய சூடான காற்றே அதைக் கொளுத்திவிடும். அங்குள்ள அதிகாரிகள் அதை ஏர் கன் என்று ஒத்துக்கொள்ளவில்லை, வெடிமருந்துத் துப்பாக்கி என்றே சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடமே அது நின்றுபோனது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இங்கிலாந்தில் கார்டியூ என்ற இருவர், ஸ்பிரிங் துப்பாக்கியை நைட்ரஜன் வாயுவில் வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். எரிவதற்கு ஆக்சிஜன் இல்லாததால் குண்டின் வேகம் நன்றாகவே குறைந்தது. அதாவது ஒழுங்காக இருக்கும் துப்பாக்கியிலும் ஒவ்வொரு ஷாட்டிலும் மிகக் கொஞ்சம் எண்ணெய் எரியத்தான் செய்கிறது. அது அடுப்பு எரிவது மாதிரி. நீங்கள் கேட்கும் ‘டமார்’ சிலிண்டர் வெடிப்பது மாதிரி. முன்னால் பாய்ந்து வரும் பிஸ்டனை அந்த வெடி பின்னால் அறைகிறது. ஸ்பிரிங் முறிகிறது, வாஷர் கருகுகிறது, மூட்டு ஆட்டம் காண்கிறது, மரத்தின் ஸ்க்ரூ கழல்கிறது. குண்டு ஒரு தடவை வேகமாகப் போகும், மறு தடவை சவசவவென்று போகும். பலூன் உடையாத வாடிக்கையாளர் உங்கள் துப்பாக்கியைத்தான் குறை சொல்வார்.

சட்டமும் இதில் இருக்கிறது. 2016-ஆம் வருட ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் கன்னுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. அந்தக் கணக்கு காற்றுக்குப் போட்ட கணக்கு. உள்ளே எரிபொருள் ஊற்றிச் சுட்டால், அந்த ஷாட்டுக்கு யார் பொறுப்பு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் எண்ணெய் டப்பாவைத் திறப்போம்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல்: சத்தத்துக்காகச் சிலர் ஒரு சொட்டு விடுகிறீர்கள். கூட்டம் சேரும் என்பது உண்மைதான். ஆனால் வாடிக்கையாளரின் கன்னம் எங்கே படிந்திருக்கிறது? வெடி நடக்கும் குழாய்க்குச் சற்றுப் பின்னால், கட்டையின் மேலே. அந்தப் பாட்டிலைக் கடைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

தையல் மிஷின் எண்ணெய்: நல்ல எண்ணெய்தான், ஆனால் வெளி வேலைக்கு. மெல்லிய தாது எண்ணெய் என்பதால் பிஸ்டனுக்கு முன்னால் போனால் சட்டென்று பற்றும். ஸ்க்ரூ மரை, குறிபார்க்கும் சைட்டின் திருகு, வெளி இரும்பு ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் கடையில் சும்மா கிடைக்கும் பழைய என்ஜின் ஆயில்: அதில் கரியும் அமிலமும் என்ஜினில் தேய்ந்த இரும்புத் தூளும் கலந்திருக்கும். மசகு போடுகிறோம் என்று அரத்தைப் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். எந்த இடத்துக்கும் வேண்டாம்.

டபிள்யூடி-40: துரு விட எல்லோரும் அடிக்கும் ஸ்பிரே. 1953-இல் அமெரிக்காவில் உருவாக்கியபோது இதன் வேலை ஈரத்தை விரட்டுவது. பேரிலேயே அது இருக்கிறது: நீரை விலக்கும் கலவை, நாற்பதாவது முயற்சி. அட்லஸ் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமலிருக்க அடித்தார்கள். மழையில் நனைந்த துப்பாக்கியின் வெளிப்பக்கத்துக்கு இது சரி; அடித்துத் துடைத்துவிடுங்கள். உள்ளே அடித்தால் முதலில் வெடிக்கும்; பிறகு ஆவி போய்ப் பிசினாக நிற்கும்.

சிலிகான் ஸ்பிரே: ‘சிலிகான் நல்லதுன்னு சொன்னாங்க’ என்று இதை வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. டப்பாவிலிருந்து பீய்ச்சுவதற்காக அதில் எரியக்கூடிய வாயுவும் கரைப்பானும் சேர்த்திருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது சொட்டுச் சொட்டாக விடும் சுத்தமான சிலிகான் எண்ணெய். ஏர் கன் விற்கும் கடைகளில் சேம்பர் ஆயில் என்று கேளுங்கள்.

தேங்காய் எண்ணெய்: பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். பம்ப் ஸ்டவ் காற்றுப் பிடிக்காவிட்டால், பம்புக் கம்பியை உருவி, காய்ந்துபோன தோல் வாஷரை விரித்துத் தேங்காய் எண்ணெய் தடவி மறுபடி செருகுவார்கள் நம் அம்மாமார். வாஷர் உப்பிக்கொண்டு காற்றைப் பிடிக்கும். அந்த அறிவு சரியான அறிவு. துப்பாக்கியிலும் தோல் வாஷர் இருந்தால் அதற்கும் எண்ணெய்ப் பசை வேண்டும். ஆனால் தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டி மலர்க் கண்காட்சிக்குக் கடை கொண்டுபோனால் காலையில் உள்ளே மெழுகாக நிற்கும். டப்பாவில் இருப்பவற்றில் பாவம் குறைந்தது இதுதான்; நிரந்தர மருந்து இல்லை.

விளக்கெண்ணெயும் இதே கதை. ஒரு காலத்தில் விமான என்ஜினுக்கே அதுதான் மசகு. காஸ்ட்ரால் என்ற பேரே ஆமணக்கின் ஆங்கிலப் பேரிலிருந்து வந்தது. இருந்தாலும் சூடுபட்டால் வார்னிஷ்போல ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு.

அப்படியானால் எதைத்தான் விடுவது? ஒரே துப்பாக்கிக்குள் ஒன்றுக்கொன்று பகையான மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒரு பாட்டில் மூன்றுக்கும் சரிப்படாது. இந்த மடலில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இடம், பிஸ்டனுக்கு முன்னால். இங்கேதான் தீ. உங்கள் துப்பாக்கியில் இருப்பது தோல் வாஷரா, பிளாஸ்டிக் மாதிரியான செயற்கை வாஷரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ரகங்களில் பெரும்பாலும் தோல். செயற்கை வாஷர் என்றால் முன்பக்கம் எதுவும் விடத் தேவையில்லை. ஆயிரக்கணக்கான ஷாட்டுக்குப் பிறகு ‘கிறீச்’ என்றால் மட்டும் சிலிகான் எண்ணெய் ஒரே சொட்டு. தோல் என்றால் சுத்தமான சிலிகான் எண்ணெய், அல்லது குதிரைச் சேணத்துக்குத் தடவும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய். மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது அது.

விடும் முறை இது. பேரலைச் சற்றே மடக்கினால் பின்னால் ஒரு சிறு துளை தெரியும். முழுக்க மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றிவிடாதீர்கள், விரல் போய்விடும். ஊசி இல்லாத சிரிஞ்சால் அந்தத் துளையில் ஒரு சொட்டு. தோல் ரொம்பக் காய்ந்திருந்தால் நாலைந்து சொட்டு. பேரலை மூடி, கட்டையின் அடி தரையில் படும்படி ராத்திரி முழுக்க நிறுத்தி வையுங்கள். எண்ணெய் இறங்கித் தோலில் ஊறும். மறுநாள் கடை திறக்கும் முன் நீங்களே பத்துக் குண்டு சுட்டுவிடுங்கள். லேசான புகை வந்து நின்றுவிடும். அதற்கப்புறம்தான் வாடிக்கையாளர். பிறகு ஆயிரம் ஷாட்டுக்கு ஒரு சொட்டு போதும். உங்கள் கடையில் சனி ஞாயிறு ஓட்டத்தைக் கணக்கிட்டால் மாதத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வரும்.

இரண்டாம் இடம், பிஸ்டனுக்குப் பின்னால். ஸ்பிரிங், அதன் நடுவில் இருக்கும் தண்டு, பிஸ்டனின் பக்கவாட்டு, பேரல் மூட்டு எல்லாம் இதில் சேரும். இங்கே இரும்பும் இரும்பும் உரசுகிறது. முன்பக்கத்துக்கு நல்லதான சிலிகான் எண்ணெய் இங்கே உதவாது. இரும்பு இரும்பை அழுத்தும் இடத்தில் அதன் படலம் கிழிந்துபோகும். இங்கே வேண்டியது மாலி கிரீஸ். மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற கறுப்புத் தூள் கலந்தது. கார் ஆக்ஸில் ஜாயின்டுக்குப் போடும் கறுப்பு கிரீஸ் என்று சொன்னால் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ எடுத்துத் தருவார்கள். மாட்டுவண்டி அச்சுக்குக் கரியை எண்ணெயில் குழைத்து வண்டி மை போட்டார்களே, அதே யோசனைதான்: எண்ணெய் ஒதுங்கினாலும் கறுப்புத் தூள் இரும்பைப் பிடித்துக்கொண்டு வழுக்கவைக்கும்.

ஆனால் அள்ளி அப்பாதீர்கள். விரலால் தடவி, துணியால் துடைத்து, இரும்பின் நிறம் கறுத்திருந்தால் போதும். அதிகமானால் வாஷரைத் தாண்டி முன்னால் கசியும், மறுபடி டமார். ஸ்பிரிங்கை வெளியே எடுக்கும் வேலையைக் கையால் செய்ய வேண்டாம். அது அழுத்தத்திலேயே உட்கார்ந்திருக்கும். பின்னை உருவினால் பாய்ந்து வந்து பல்லை உடைக்கும். கிளாம்ப் உள்ள பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள்.

மூன்றாம் இடம், பேரலின் உள்பக்கமும் துப்பாக்கியின் வெளிப்பக்கமும். பேரலுக்குள் எண்ணெய் வேண்டாம். ஈயக் குண்டு போகப்போக ஈயமே ஒரு படலமாகப் படிந்து காக்கும். உள்ளே விட்ட எண்ணெய், துப்பாக்கியை வாய் மேலாக நிறுத்தி வைத்தால் மெல்ல இறங்கி எரியும் இடத்துக்குத்தான் போய்ச் சேரும். வெளி இரும்புக்கு மிஷின் எண்ணெயில் ஒற்றிய பழைய வேட்டித் துணி போதும்.

கடற்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மணலோடு கிரீஸ் சேர்ந்தால் அது மசகு இல்லை. லேத் பட்டறையில் வால்வு தேய்க்கப் பயன்படும் பேஸ்ட். பேரல் மூட்டில் பளபளவென்று கிரீஸ் தெரிந்தால் அது காற்றில் வரும் ஒவ்வொரு மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தொட்டால் விரலில் லேசாகக் கறுப்பு ஒட்ட வேண்டும், வழுவழுக்கக் கூடாது. கிரீஸுக்குப் பதில் பென்சில் தூள் போடலாமா என்று ஒருவர் கேட்டார். உப்பு ஈரத்தில் அது இரும்பை அரிக்கவே உதவும், வேண்டாம். ராத்திரி துப்பாக்கியைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கட்டாதீர்கள். உப்புக் காற்றும் கை வியர்வையும் உள்ளேயே வெந்து விடிவதற்குள் துரு பூத்துவிடும். துடைத்து, காய்ந்த துணியில் சுற்றுங்கள்.

எண்ணெயால் தீராத வியாதிகளும் உண்டு. பேரல் மூடும் இடத்தில் ஒரு சிறு வளைய வாஷர் இருக்கிறது. அந்த இணைப்பின்மேல் டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்றை வைத்துச் சுடுங்கள். துண்டு பறந்தால் காற்று அங்கே கசிகிறது. வாஷரை மாற்ற வேண்டும். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பவர் திரும்பாது. அதேபோலக் குண்டு போடாமல் விசையை இழுக்க விடாதீர்கள். குண்டு வழியை அடைத்துக்கொண்டிருப்பதால்தான் நெருங்கிய காற்று மெத்தையாக நின்று பிஸ்டனைத் தாங்குகிறது. குண்டு இல்லையென்றால் பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் மோதும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் பேரலை மடக்கி மடக்கிச் சும்மா இழுத்து விளையாடுவதை நீங்கள் கவனிப்பதே இல்லை.

உங்கள் கடையில் முதல் பலூனை உடைத்த பிள்ளை ஒன்று நாளை ரைஃபிள் கிளப்பில் சேரலாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி தரும் வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். அங்கே இருப்பது ஸ்பிரிங் துப்பாக்கி இல்லை; 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்த சிலிண்டர். அதில் ஓ-ரிங்குக்கு ஆர்.ஓ. ஃபில்டர்காரர் தடவுவது மாதிரியான சிலிகான் கிரீஸ் நகக்கண் அளவு, அவ்வளவுதான். காற்று ஏற்றும் இடத்தில் தாது எண்ணெய் பட்டால் ஆபத்து. துப்பாக்கி உயர உயர எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது என்பதைக் கவனியுங்கள்.

‘சத்தம் இல்லாட்டா கூட்டம் வராது’ என்பீர்கள். பலூன் உடையும் சத்தமே உங்கள் விளம்பரம். ஒழுங்காக இருக்கும் துப்பாக்கி குறி தவறாது. பலூன் உடைந்தால் சுட்டவர் இன்னொரு பத்துக் குண்டு கேட்பார். டமாரென்று வெடித்து, மூன்று மாதத்தில் ஸ்பிரிங் முறிந்து பட்டறைக்கு வந்து கிடக்கும் துப்பாக்கி யாருக்கும் சோறு போடாது.

இன்று ராத்திரி கடை கட்டும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். மேசைக்கு அடியில் இருக்கும் மண்ணெண்ணெய் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். அப்புறம் ஒவ்வொரு துப்பாக்கியின் பேரல் வாயையும் முகர்ந்து பாருங்கள். ஈயமும் இரும்பும் மணந்தால் சரி. கருகிய எண்ணெய் வாடை அடித்தால், அந்தத் துப்பாக்கியை மட்டும் நாளைக்குக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் குறி தப்பும் ஒரு பழைய லேத்காரன்